கப்பலா, விமானம் ஏறிப் போய்க் கப்பலா, கப்பலே வேண்டாமா?

"டிசம்பர் விடுமுறைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கப்பலில் போகலாமா, இல்லை அந்தக் காசுக்குப் பேசாமல் பினாங்கு போய்விட்டு வரலாமா?" சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கும் என் மச்சான் கேட்டது இது. அதே வாரம் அலுவலக நண்பர் ஒருவர், கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது, மனைவியோடு பார்சிலோனா போய் அங்கிருந்து கப்பல் ஏறினால் என்ன என்றார். தீபாவளிக்கு முறுக்கு கொடுக்க வந்த பக்கத்து புளோக் அக்காவும் பேச்சுவாக்கில் அதையே ஆரம்பித்தார். எல்லாருக்கும் வாயால் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

சொகுசுக் கப்பலில் இதுவரை ஒன்பது முறை போயிருக்கிறேன். ஆறு முறை இங்கே மரினா சவுத்திலிருந்து, மூன்று முறை வெளியூர் போய் ஏறியது. மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு எத்தனை முறை என்று கணக்கு வைத்ததில்லை. எந்தக் கப்பல் பெரியது, எதில் சறுக்கு நீளம் என்று விளம்பரங்கள் சொல்லிவிடும். கூட வருகிறவர்களின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை விளம்பரம் கேட்பதில்லை. என் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

## எதை வைத்து அளப்பது

முதலில், யார் வருகிறார்கள்: எவ்வளவு தூரம் நடப்பார்கள், எத்தனை மணிக்குத் தூங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள். இரண்டாவது, உங்களுக்குக் கடல் வேண்டுமா, ஊர் வேண்டுமா. இதை மனசாட்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் பார்க்கிற ஆசையோடு கப்பல் ஏறுகிறவர்கள்தான் திரும்பி வந்து குறை சொல்கிறார்கள். மூன்றாவது, வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து திறக்கும்வரை ஆகும் மொத்தச் செலவு. டிக்கெட் விலை அதில் ஒரு பகுதிதான். அப்புறம் விடுப்பு நாள், கடலின் பருவம், விசா. இந்தக் கடைசி மூன்றையும் அலட்சியமாக விட்டுவிட்டு, பணம் கட்டிய பிறகு முழிப்பவர்கள் நிறைய.

## சிங்கப்பூரிலேயே ஏறும் பெரிய கப்பல்: 3, 4 இரவு

இதில்தான் எனக்கு அனுபவம் அதிகம், சொல்லவும் நிறைய இருக்கிறது.

மரினா சவுத்தில் இருக்கும் மரினா பே கப்பல் முனையம் 2012-இல் திறந்தது. அதற்கு முன் எல்லாம் ஹார்பர்ஃபிரண்ட் முனையம்தான். செந்தோசா கேபிள் காரின் கம்பிக்கு அடியில் புகுந்து போக முடியாத உயரத்தில் கப்பல்கள் வர ஆரம்பித்ததும் புது முனையம் தேவைப்பட்டது. இங்கிருந்து புறப்பட்டிருக்கும் ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்கள் கிட்டத்தட்ட 348 மீட்டர் நீளம்; அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே நாலாயிரம் பேருக்கு மேல் பிடிக்கும். கெந்திங் டிரீம் என்ற கப்பலில் அதே கணக்கில் 3,300 பேருக்கு மேல்.

இதன் பெரிய லாபம் விமானம் கிடையாது என்பது. என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. சிவப்பு ரயில் தடத்தின் கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கினால் முனையம் பக்கம்தான். ஆனாலும் டாக்சியில் போனோம். பெட்டியை வாசலில் ஒப்படைத்துவிட்டால் அது அறை வாசலுக்குத் தானாக வந்துவிடும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டு வைத்திருந்தேன். நீள வரிசையைத் தாண்டி உள்ளே போய், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்.

அப்போது நான் செய்த தவறு ஒன்று: அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன். ஆயிரக்கணக்கான பெட்டிகளை அறை அறையாகக் கொண்டுபோய் வைக்க நேரம் ஆகாதா? எங்கள் பெட்டி இரவு எட்டு மணிக்குத்தான் வந்தது. மாத்திரை, ஒரு மாற்று உடை, கடப்பிதழ், பிள்ளைகளின் நீச்சல் உடை, இவை கைப்பையில் இருக்கட்டும். இன்னொன்று, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, இப்படிச் சூடாகும் எதற்கும் கப்பலில் அனுமதி இல்லை. பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டியம்மா, வெந்நீருக்கு என்ன செய்வேன் என்று அந்த இளைஞரிடம் பத்து நிமிடம் வாதாடினார். மேல்தள உணவகத்தில் எப்போதும் வெந்நீர் கிடைக்கும் என்று சொல்லித்தான் சமாதானம் செய்ய முடிந்தது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இந்தியாவிலிருந்தே கூட்டம் கூட்டமாக வந்து இங்கே ஏறுகிறார்கள், அதனால் பருப்பு, சப்பாத்தி, சோறு, ஊறுகாய் எல்லாம் இருக்கும். கெந்திங் டிரீம் ஹலாலுக்கும் சைவத்துக்கும் தனியாகப் பெயர் எடுத்த கப்பல். சமணர் சாப்பாடுகூட உண்டு. ஆனால் கோமள விலாஸ் சைவ உணவகத்துச் சாம்பாரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கப்பல் சாம்பார் கொஞ்சம் சூப்பு மாதிரிதான்.

கடல்? மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் மலேசியா, மறுபக்கம் சுமத்ரா. இரண்டு கரையும் அணைத்துப் பிடித்திருப்பதால் பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் டிசம்பர், ஜனவரியிலும் பினாங்குப் பக்கம் தலை சுற்றாது. அதே மாதங்களில் வியட்நாம் பக்கம் போகும் பயணத்தை எடுத்தால் தென்சீனக் கடல் கப்பலையே தாலாட்டும். புக்கெட்டுக்கு மே முதல் அக்டோபர் வரை இதே சங்கடம். அங்கே பெரிய கப்பல்கள் பாத்தோங் பக்கம் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் ஆளை இறக்குவது வழக்கம். அலை எழும்பினால் இறக்கவே மாட்டார்கள். எட்ட நின்று கரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பினாங்கில் அந்தத் தொந்தரவு இல்லை. சுவெட்டன்ஹம் துறையில் கப்பல் நேராகக் கரையோடு ஒட்டும். பத்துப் பதினைந்து நிமிட நடையில் அங்குள்ள லிட்டில் இந்தியா. அங்கேயே 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவில். டாக்சிக்காரர்கள் வாசலில் மொய்ப்பார்கள், சட்டை செய்யாமல் நடங்கள். போர்ட் கிள்ளான் அப்படியில்லை. கோலாலம்பூர் என்று பயணத் திட்டத்தில் போட்டிருக்கும், ஆனால் இறங்குகிற இடத்திலிருந்து இரட்டைக் கோபுரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலை. போக வர அதிலேயே பாதி நாள் கரைந்துவிடும். அந்த நாளில் நான் கப்பலை விட்டு இறங்குவதே இல்லை. நாலாயிரம் பேரில் முக்கால்வாசிப் பேர் வெளியே போயிருக்க, நீச்சல் குளத்தில் நாற்காலி சும்மா கிடக்கும்.

இந்தத் தடத்தில் போகும்போதெல்லாம் எங்கள் ஆத்தா சொன்ன ரஜுலா கப்பல் ஞாபகத்துக்கு வரும். 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் என்று நம் ஆட்களை இறக்கிக்கொண்டே வரும். ஆத்தா வந்தது மேல்தளத்தில், பாய் விரித்து. அதற்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1984-இல் தீப்பிடித்ததோடு அந்தக் காலம் முடிந்தது. அதே தண்ணீரில் நான் ஐஸ்கிரீம் வாங்க வரிசையில் நிற்கிறேன்.

சரி, மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். முதலாவது சேவைப்படி, அதாவது டிப்ஸ். ராயல் கரீபியனில் சாதாரண அறைக்கு நான் கடைசியாகக் கட்டியது ஆளுக்கு, நாளுக்கு 18.50 அமெரிக்க டாலர். சின்னக் குழந்தைக்கும் இதே கட்டணம். நாலு பேர், நாலு இரவு என்றால் 296 டாலர். முதல் தடவை போகிறவர்கள் இதை டிக்கெட்டோடு கூட்டிப் பார்ப்பதே இல்லை. இரண்டாவது, கப்பலுக்குள் கணக்கு அமெரிக்க டாலரில் ஓடினால், உங்கள் அட்டை அதைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மாற்றும்போது சுமார் 3 சதவீதம் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, மொத்தமாகக் காசு கட்டிக் குடிக்கும் மதுத் தொகுப்பு: ஒரே அறையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்பது பல கப்பல்களில் விதி. குடிக்காத மனைவிக்கும் சேர்த்துப் பணம் கட்டிய நண்பர் எனக்கு உண்டு.

நாலாவது கைப்பேசி. கப்பல் கரையை விட்டதும் அதன் சொந்தக் கைப்பேசி அலைவரிசை உயிர் பெறும். என் மகன் விமானப் பயண நிலைக்கு மாற்ற மறந்துவிட்டான். அவன் பாட்டுக்கு அரட்டைச் செயலி ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாத பில்லில் 140 வெள்ளி ஏறியிருந்தது. தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கெஞ்சிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டார்கள், காசைக் குறைக்கவில்லை. கப்பல் வைஃபை வேண்டுமானால் ஏறுவதற்கு முன்பே வாங்குங்கள், உள்ளே விலை அதிகம். ஒரே ஒரு கருவிக்கு வாங்கிக் குடும்பமே மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும்.

அப்புறம் சூதாட்டக் கூடம். மரினா பே சேண்ட்ஸில் உள்ளே நுழையவே குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 150 வெள்ளி கட்ட வேண்டும், கப்பலில் அந்த நுழைவு வரி இல்லை. அதையே லாபமாகப் பேசிக்கொண்டு ஏறுகிற மாமாக்களைப் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது அவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

விசா விஷயத்தில் ஒன்று மட்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்றால், அவர்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் விசாவா என்று முதலில் பாருங்கள். கப்பல் ஏறினால் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பி வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டையைச் சிங்கப்பூர்க்காரர்களான நாமும் நிரப்ப வேண்டும். தரைவழிக்குத்தான் அந்த விலக்கு. கர்ப்பிணிகள் என்றால், பயணம் முடிவதற்குள் 24-வது வாரம் தொட்டுவிட்டால் பொதுவாக ஏற்றமாட்டார்கள்.

மூன்று தலைமுறை ஒன்றாகப் போக, நடக்க முடியாதவர் கூட வர, பிள்ளைகளைக் கூட்டத்தில் தொலைத்துவிடுவோமோ என்ற பயமில்லாமல் அவிழ்த்துவிட, இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. எங்குமே இறங்காமல் சுற்றிவிட்டு வரும் பயணங்களும் உண்டு. டிஸ்னி அட்வென்ச்சர் கப்பலின் 3, 4 இரவுகள் அந்த வகை, கப்பலே ஊர். பத்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் அது சரி. நானும் என் மனைவியும் மட்டும் என்றால் இரண்டாம் நாள் மாலையே சலித்துப்போகும்.

### ஜன்னல் இல்லாத அறையா, பால்கனியா?

இதையும் எல்லாரும் கேட்கிறார்கள். தூங்க மட்டும்தான் அறை என்பவர்களுக்கு உள் அறை போதும். விலை வித்தியாசத்தில் இன்னொரு பயணமே போகலாம். ஆனால் உள் அறையில் விளக்கை அணைத்தால் மணி காலை ஏழா நள்ளிரவா தெரியாது. என் அம்மா மூன்று மணிக்கு எழுந்து குளித்துவிட்டு விபூதி பூசி உட்கார்ந்திருந்தார்.

வயதானவர் வந்தால் பால்கனிக்குக் காசு போடுங்கள். அவர்கள் மேல்தளக் கூச்சலுக்கு வரமாட்டார்கள், பகல் முழுதும் அறையில்தான். மலாக்கா நீரிணையில் பார்க்கவும் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்: சரக்குக் கப்பல்கள் வரிசை கட்டிப் போகும், இரவில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் தெரியும். பெரிய குடும்பத்துக்கு நான் செய்வது, தாத்தா பாட்டிக்கு ஒரு பால்கனி அறை, அதற்கு நேரெதிரே நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு உள் அறை. பகலில் எல்லாருக்கும் பால்கனி, இரவில் பிள்ளைகள் உள்ளறைக்கு. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது, நாலாவது ஆளை ஒரே அறையில் போட்டால் அவர்களுக்குக் கட்டணம் குறைவு. தனியாகப் போகிறவருக்குத்தான் அநியாயம். பல சமயம் இரண்டு பேர் கட்டணத்தையும் அவரே கட்ட வேண்டும்.

## விமானம் ஏறிப் போய் 7 இரவு

நண்பர் கேட்ட மத்தியதரைக் கடல் பயணம். பார்சிலோனா அல்லது ரோம் பக்கத்துச் சிவிட்டாவெக்கியாவில் ஏறி, மார்சேய், லா ஸ்பெசியா, நேப்பிள்ஸ் என்று கிட்டத்தட்ட தினமும் ஓர் ஊர். இங்கே கப்பல் என்பது நகரும் ஹோட்டல். பெட்டியை ஒரே தடவை பிரித்து வைத்தால் போதும், தினம் காலையில் புது ஊர் வாசலில் நிற்கும். ஊர் பார்க்கிற ஆசைக்கும் கடல் ஆசைக்கும் ஒருசேரத் தீனி போடுவது இது ஒன்றுதான்.

ஆனால் வாசலில் நிற்பதாகச் சொல்லும் ஊர் சில சமயம் வாசலில் இருக்காது. சிவிட்டாவெக்கியாவிலிருந்து ரோம் சுமார் 70 கிலோமீட்டர். லா ஸ்பெசியாவில் இறங்கி ஃபிளாரன்ஸ் போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு. நேப்பிள்ஸில் மட்டும் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தாலே ஊர். பொம்பெய்க்கும் உள்ளூர் ரயிலில் போய் வந்துவிடலாம். கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவுக்கு விலை கூடுதல், ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. தூரத்து ஊருக்குக் கப்பல் சுற்றுலா, பக்கத்து ஊருக்குச் சொந்த நடை என்பது என் வழக்கம்.

செலவில் விமான டிக்கெட் தெரிந்ததுதான். தெரியாதது முந்தின நாள் ஹோட்டல். சாங்கியிலிருந்து பதின்மூன்று மணி நேரம் பறந்து, இறங்கிய அன்றே கப்பல் ஏறுவதாகத் திட்டம் போடாதீர்கள். விமானம் தாமதமானாலோ பெட்டி வராமல் போனாலோ, கப்பல் போன பிறகு அடுத்த துறைமுகம்வரை துரத்த வேண்டியிருக்கும். ஒருமுறை என் பெட்டி வரவில்லை. ஒரு நாள் முன்னால் போயிருந்ததால் மறுநாள் காலை ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஹோட்டல் காசுக்கு நான் வருத்தப்பட்டதே கிடையாது. ஏழு இரவுக்கு டிப்ஸும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா, பெரியவருக்கு 90 யூரோ. அதைவிடப் பெரிய செலவு அதற்கு அலையும் நாட்கள். மருத்துவக் காப்புறுதியும் கண்டிப்பாக வேண்டும். கப்பல் மருத்துவரின் பில் நம் அரசாங்கப் பலதுறை மருந்தகத்து (பாலிகிளினிக்) பில் மாதிரி இருக்காது.

வாரக் கடைசியையும் சேர்த்து விடுப்பும் பத்து, பதினொரு நாள் போகும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் ஜூன் விடுமுறைதான் பொருந்தும். அப்போது அங்கே வெயிலும் கூட்டமும் உச்சத்துக்கு ஏறுகிற நேரம். நண்பருக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மே முதல் பாதியிலோ செப்டம்பர் கடைசியிலோ போங்கள் என்றேன். நன்றாக நடக்கிற இருவருக்கு, ஏற்கெனவே நிறைய ஊர் பார்த்தவர்களுக்கு, இதுதான் பொருத்தம். என் அம்மாவை இதில் கூட்டிப்போக மாட்டேன்.

## கப்பலே வேண்டாம்: பினாங்குக்கு விமானம்

ஒன்றரை மணி நேர விமானம், அரை மணி நேர டாக்சி, ஜார்ஜ் டவுனில் நல்ல ஹோட்டல், மூன்று இரவு. வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. மறைவான செலவு என்று பார்த்தால் அதுவும், மலிவு விமானத்தில் பெட்டிக்குத் தனியாகக் கட்டுவதும்தான்.

கப்பலில் பினாங்கு போனால் உங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம், அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. நாசி கண்டார் (சோறும் கறியும்) கடையில் வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிட்டு நடக்க வேண்டும். தண்ணிமலை முருகனைப் பார்க்க 513 படி ஏறி இறங்கி, மூச்சு வாங்க உட்கார்ந்து, இளநீர் குடித்துவிட்டு வர நேரம் போதாது. கொடிமலை ரயிலுக்கும் அதே கதைதான். ஊர்தான் வேண்டும் என்றால் விமானமே சரி. பிள்ளைகளுக்கு மட்டும் மூன்றாம் நாள் "அடுத்து என்ன?" என்று ஆகிவிடும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் எங்கே போவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அந்த வேலையைச் செய்கிறவருக்கு இது விடுமுறையே ஆகாது என்று என் மனைவி சொல்வார்.

## ஒரு பார்வையில்

| | இங்கிருந்தே கப்பல் (3, 4 இரவு) | விமானம் + கப்பல் (7 இரவு) | பினாங்குக்கு விமானம் (3 இரவு) |
|---|---|---|---|
| நடக்க முடியாத பெரியவர் | மிக நல்லது | வேண்டாம் | பரவாயில்லை |
| சின்னப் பிள்ளைகள் | மிக நல்லது | களைத்துவிடுவார்கள் | இரண்டு நாள் தாங்கும் |
| ஊர் பார்ப்பது | கொஞ்சம் | நிறைய, அவசரமாக | ஆற அமர |
| விடுப்பு | 2 முதல் 4 நாள் | 7, 8 வேலை நாள் | 1 அல்லது 2 நாள் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | டிப்ஸ், வைஃபை, கைப்பேசி | முந்தின நாள் ஹோட்டல், விசா, தூரத்துச் சுற்றுலா | குறைவு |
| ஏற்ற காலம் | பினாங்குத் தடம் ஆண்டு முழுதும் | மே, செப்டம்பர் | பள்ளி விடுமுறை தவிர எப்போதும் |
| வேளா வேளைக்குச் சாப்பாடு | கவலை இல்லை | சைவர்கள் முன்பே சொல்லிவைக்க வேண்டும் | நம் ஊர் மாதிரி |

மச்சானிடம் அத்தைக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். லிஃப்டிலிருந்து வீட்டு வாசல் வருவதற்குள் இரண்டு தடவை நின்றுவிடுகிறார் என்றான். அப்புறம் வேறு எதுவும் கேட்கவில்லை. பினாங்கில் மட்டும் நிற்கும் பயணமாகப் பார்த்து, பால்கனி ஒன்று, எதிர் அறை ஒன்று என்று எடுத்திருக்கிறான். பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் விலை நெருப்பாக இருந்ததால், வாரக் கடைசியைத் தவிர்த்து நடுவாரத்தில். பணம் கட்டிய அன்று இரவு அத்தையே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கெட்டில் கொண்டுபோகக் கூடாதாமே, நிஜமா?" என்றார்.